முதியோருக்குச் சட்ட உதவி: அரசு நிதி செல்லும் வழி

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையோர் யாவர் என்பதைத் தனது 12-ஆவது பிரிவில் வரிசைப்படுத்துகிறது. ஷெட்யூல்டு வகுப்பினர், பழங்குடியினர், மகளிர், குழந்தைகள், மாற்றுத் திறனாளிகள், மனித வாணிபத்துக்கோ கட்டாய வேலைக்கோ இரையானோர், வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், கலவரம் போன்றவற்றால் பாதிக்கப்பட்டோர், தொழிற்சாலைத் தொழிலாளர், காவலில் உள்ளோர், குறிப்பிட்ட வருமான வரம்புக்கு உட்பட்டோர் ஆகியோர் அப்பட்டியலில் இடம்பெற்றுள்ளனர். முதியோர் என்ற பிரிவு அதில் இல்லை. 60 வயது கடந்த ஒருவர் இச்சட்டத்தின் கீழ் உதவி பெற வேண்டுமாயின், பெண் என்றோ, ஏழை என்றோ, ஊனமுற்றவர் என்றோ வேறொரு வாயில் வழியாகத்தான் உள்ளே வர வேண்டியிருக்கிறது.

2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் ஏறத்தாழ 10.4 கோடிப் பேர். இது மொத்த மக்கள் தொகையில் 8.6 சதவீதமாகும். இவர்களுள் 7 கோடிக்கும் மேற்பட்டோர் கிராமங்களில் வாழ்வோர். இத்துணைப் பெரிய ஒரு பிரிவினர்க்குச் சட்டத்தின் துணை தேவைப்படும்போது அச்செலவை ஏற்பவர் யார், அரசு ஒதுக்கும் நிதி அவர்களை எந்த இடத்தில் சென்றடைகிறது என்பது சமூக நலக் கேள்வி மட்டுமன்று. பொது நிதியைப் பற்றிய கேள்வியுமாகும்.

சட்ட உதவியின் வளர்ச்சி

ஏழைகளுக்குச் சட்ட உதவி அளிப்பது அரசின் பொறுப்பு என்ற கருத்து விடுதலைக்குப் பின் மெல்ல மெல்ல உருப்பெற்றது. 1958-இல் வெளியான சட்ட ஆணையத்தின் 14-ஆவது அறிக்கை இதனை வலியுறுத்தியது. 1970-களில் நீதிபதி பகவதி, நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஆகியோர் தலைமையில் அமைந்த குழுக்கள் இதற்கு வடிவம் தந்தன. 42-ஆவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் 39-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. பொருளாதாரக் குறைபாட்டாலோ வேறு குறைபாட்டாலோ எந்தக் குடிமகனுக்கும் நீதி மறுக்கப்படலாகாது என்பது அப்பிரிவின் சாரம். 'வேறு குறைபாடு' என்ற சொற்கள் கருதத்தக்கவை. நடக்க இயலாமை, கண்பார்வை மங்கல், எழுதப் படிக்க இயலாமை, தன்னைப் பராமரிப்பவரையே எதிர்த்து மனுச் செய்ய வேண்டிய நிலை ஆகியவை யாவும் முதுமையில் ஒருங்கே வந்து சேரும் குறைபாடுகளே.

1987-இல் இயற்றப்பட்ட சட்டம் 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு அமைக்கப்பெற்றது. இச்சட்டம் தேசிய, மாநில, மாவட்ட அளவில் மூன்று சட்ட உதவி நிதிகளை ஏற்படுத்தியது. மைய அரசின் மானியம் தேசிய நிதியில் சேர்கிறது. அங்கிருந்து மாநில நிதிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. மாநில அரசின் மானியமும், நன்கொடைகளும், நீதிமன்றங்கள் ஆணையிடும் செலவுத் தொகைகளும் இவ்வமைப்புக்கு வந்து சேரும் பிற வரவுகள். மாவட்ட நிதியிலிருந்துதான் நீதிமன்றக் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம், நகல்களுக்கும் தட்டச்சுக்குமான செலவு முதலியவை வழங்கப்படுகின்றன. மாவட்ட ஆணைக்குழுவின் தலைவர் மாவட்ட நீதிபதி ஆவார். இச்செய்தியை மாணவர்கள் நினைவில் கொள்ளல் வேண்டும். இதன் விளைவு பின்னர் விளங்கும்.

வருமான வரம்பும் முதுமையும்

பெண் என்ற முறையில் மூதாட்டி ஒருவர் வருமானம் எதுவாயினும் உதவி பெறலாம். முதியவர் ஒருவரோ வருமான வரம்புக்கு உட்பட்டவராய் இருத்தல் வேண்டும். சட்டம் இயற்றப்பட்டபோது 9,000 ரூபாய் என்றிருந்த இவ்வரம்பை மாநிலங்கள் தத்தம் விதிகள் மூலம் உயர்த்தியுள்ளன. ஆதலால் அது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. உச்ச நீதிமன்ற வழக்குகளுக்கு அது 5 லட்சம் ரூபாய். மூத்த குடிமக்களுக்கு இலவச உதவி உண்டா என்பதும் அந்தந்த மாநில விதிகளைப் பொறுத்ததே. தில்லியில் 60 வயது கடந்தோர், விதிக்கப்பட்ட வருமான வரம்புக்கு உட்பட்டு உதவி பெறலாம். ஒரே நாட்டில், ஒரே வயதில், ஒரே இடர்ப்பாட்டில் உள்ள இருவருள் ஒருவர் தகுதியுடையவராகவும் மற்றவர் தகுதியற்றவராகவும் ஆவது மாநில எல்லையால்தான்.

வருமான வரம்பு என்னும் அளவுகோல் முதியோருக்குப் பொருந்துகிறதா என்பதைப் பொருளியல் நோக்கில் ஆராய வேண்டும். உழைக்கும் வயதினரின் வசதியை அவர்களது வருமானம் ஓரளவு காட்டிவிடும். முதியோரின் நிலை வேறு. சொந்தப் பெயரில் ஒரு வீடு இருக்கும். கையில் காசு இராது. ஓய்வூதியம் வரும், அதனை வங்கியிலிருந்து எடுத்து வருபவர் மகனாக இருப்பார். குடும்ப அட்டை ஒன்றாக இருப்பின் வருமானச் சான்றிதழில் குடும்பம் முழுவதன் வருமானமும் ஏறிவிடுவதுண்டு. எந்த மகன் தமக்கு உணவளிக்கவில்லை என்று அவர் முறையிட வந்தாரோ, அந்த மகனின் சம்பளமே அவருக்குச் சட்ட உதவி கிடைக்காமல் தடுத்துவிடுகிறது. இச்சிக்கலுக்குச் சட்டத்திலேயே ஒரு தீர்வு உண்டு. தமது வருமானத்தைப் பற்றி மனுதாரர் அளிக்கும் பிரமாண வாக்குமூலத்தையே போதிய சான்றாகக் கொள்ளலாம் என 13-ஆவது பிரிவு கூறுகிறது. அலுவலகங்களில் சான்றிதழ் கேட்கும் பழக்கம் சட்டம் கேட்பதைக் காட்டிலும் கடுமையானது. விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் அதிகாரிகள் இப்பிரிவை நன்கு அறிந்திருப்பது இன்றியமையாதது.

வரம்பை அறவே நீக்கினால் வசதி படைத்த ஓய்வூதியர்களும் பொது நிதியிலிருந்து இலவச வழக்கறிஞரைப் பெறுவார்களே என்ற வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. இலவசம், முழுக் கட்டணம் என்ற இரண்டுக்கும் இடையே குறைந்த கட்டணம் என ஒரு படி இருப்பதை இவ்வாதம் மறந்துவிடுகிறது. 2017-இல் மைய நீதித் துறை தொடங்கிய டெலி-லா திட்டத்தில், பொதுச் சேவை மையங்கள் வழியாக வழக்கறிஞரிடம் ஆலோசனை பெறும் வசதி செய்யப்பட்டது. 12-ஆவது பிரிவின் கீழ் வருவோருக்கு அது இலவசம். ஏனையோருக்கு 30 ரூபாய். பின்னர் அக்கட்டணமும் கைவிடப்பட்டது. ஆலோசனை மட்டும் கேட்பவருக்கு வருமானச் சோதனை தேவையில்லை, நெடிய வழக்கு நடத்துவோருக்கே அது தேவை என்ற பாகுபாட்டை இவ்வனுபவத்தின் அடிப்படையில் மேற்கொள்ளலாம்.

அமெரிக்க நாட்டில் 1965-ஆம் ஆண்டின் மூத்த அமெரிக்கர் சட்டத்தின் கீழ் மைய அரசு வழங்கும் மானியத்தில், சட்ட உதவி முன்னுரிமைப் பணிகளுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. அங்கே வருமானச் சோதனை இல்லை. ஆனால் பொருளாதார, சமூகத் தேவை மிகுந்தோருக்கு முதலிடம் தரப்பட வேண்டும் என்பது விதி. அந்நாட்டு ஏற்பாடுகள் யாவும் நமக்குப் பொருந்தா எனினும், முதியோருக்கான சட்ட உதவியை முதியோர் நல நிதியின் ஒரு பகுதியாகவே கருதியது கவனிக்கத்தக்கது. இங்கே முதியோர் நல நிதி ஓர் அமைச்சகத்திலும், சட்ட உதவி நிதி மற்றோர் அமைச்சகத்திலும் உள்ளன.

2007-ஆம் ஆண்டுச் சட்டம்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் நிறைவேறியது. பெற்றோருக்குப் பராமரிப்புத் தொகை கோரும் உரிமை இதற்கு முன்பே இருந்தது. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டத்திலும், 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவிலும் அது இடம்பெற்றிருந்தது. 2024 ஜூலை முதல் பின்னதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவு செயல்படுகிறது. எனினும் நீதிமன்றத்தின் நீண்ட நடைமுறையும் செலவும் முதியோரால் தாங்கக் கூடியவை அல்ல. ஆகவேதான் புதிய சட்டம் நீதிமன்றத்தை விடுத்து, வருவாய்க் கோட்ட அதிகாரியின் நிலைக்குக் குறையாத அதிகாரியைத் தலைவராகக் கொண்ட தீர்ப்பாயத்தை ஏற்படுத்தியது. அறிவிப்பு சார்பு செய்த 90 நாட்களுக்குள் மனுவை முடிக்க வேண்டும். தக்க காரணம் இருப்பின் மேலும் 30 நாட்கள் நீட்டிக்கலாம். மனு எழுத இயலாதவருக்காக மற்றொருவரோ தொண்டு நிறுவனமோ மனுச் செய்யலாம். தீர்ப்பாயம் தானாகவும் விசாரணையைத் தொடங்கலாம். மாதம் 10,000 ரூபாய்க்கு மிகாமல் பராமரிப்புத் தொகை விதிக்கலாம்.

செலவைக் குறைக்கும் நோக்குடன் சட்டம் மற்றொன்றும் செய்தது. இரு தரப்பினரும் வழக்கறிஞர் மூலம் தோன்றலாகாது என்று 17-ஆவது பிரிவு விதித்தது. அதற்கு ஈடாக, மாவட்டச் சமூக நல அதிகாரியின் நிலையிலுள்ள ஒருவரைப் பராமரிப்பு அதிகாரி எனக் குறித்து, பெற்றோர் விரும்பினால் அவர் சார்பில் தீர்ப்பாயத்தில் தோன்றுவார் என 18-ஆவது பிரிவு ஏற்பாடு செய்தது. கருத்தளவில் இது சிறந்த ஏற்பாடு. வழக்கறிஞரே தேவைப்படாத ஒரு நடைமுறை, சட்ட உதவி நிதிக்கும் சுமையாகாது. ஆயின் நடைமுறையில் பராமரிப்பு அதிகாரி என்பவர் ஏற்கெனவே பல நலத் திட்டங்களின் பொறுப்பைச் சுமப்பவர். தீர்ப்பாயத் தலைவரான கோட்ட அதிகாரியும் நில விவகாரம், சட்டம் ஒழுங்கு, தேர்தல், பேரிடர் நிவாரணம் ஆகியவற்றுக்கு இடையேதான் இம்மனுக்களை விசாரிக்கிறார். சட்ட உதவிக்கென ஒரு நிதியை இச்சட்டம் ஏற்படுத்தவும் இல்லை.

இதற்கிடையில் 17-ஆவது பிரிவின் நிலையே மாறத் தொடங்கியது. எல்லாத் தீர்ப்பாயங்களிலும் தோன்றும் உரிமையை வழக்கறிஞர்களுக்கு வழங்கும் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, இயற்றப்பட்டு ஏறத்தாழ 50 ஆண்டுகளுக்குப் பின் 2011 ஜூன் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் அடிப்படையில், பராமரிப்புத் தீர்ப்பாயங்களில் வழக்கறிஞர்கள் தோன்றுவதைத் தடுக்க இயலாது என்று 2021-இல் கேரள உயர் நீதிமன்றமும் தில்லி உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. வழக்கறிஞர்களின் உரிமை என்ற நோக்கில் இது சரியாகலாம். பொருளாதார விளைவோ வேறு. தடை இருந்தவரை இரு தரப்பினரும் ஒரே தரையில் நின்றனர். தடை நீங்கியதும் பணம் உடைய தரப்பினர் வழக்கறிஞரை அமர்த்திக் கொள்வர். பராமரிப்புத் தொகை கேட்டு வந்தவரிடம் அதற்கான பணம் இருக்குமாயின் அவர் அங்கே வந்திருக்கவே மாட்டார். எனவே இம்மாநிலங்களில் தீர்ப்பாயத்துக்கு வரும் ஒவ்வொரு முதியவரும் சட்ட உதவி நிதியை நாட வேண்டியவராகிறார். நிதிப் பகிர்வில் இப்புதிய தேவை கணக்கில் கொள்ளப்பட வேண்டும்.

ஒரு வரியின் விலை

2007-ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதியோருக்கு மிகவும் பயன்படத்தக்கது 23-ஆவது பிரிவு. தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் முதியவர் ஒருவர் தம் சொத்தைத் தானமாகவோ வேறு வகையிலோ எழுதித் தந்து, பெற்றவர் அதனை நிறைவேற்றத் தவறினால், அம்மாற்றம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ நிகழ்ந்ததாகக் கருதப்படும். எழுதியவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதனைச் செல்லாதென அறிவிக்கலாம். சட்டம் நடைமுறைக்கு வந்த பின் எழுதப்பட்ட பத்திரங்களுக்கே இது பொருந்தும்.

நிபந்தனை எங்கே இருக்க வேண்டும்? 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அத்தகைய நிபந்தனை இருந்ததென நிலைநாட்டினாலன்றி இப்பிரிவு பொருந்தாது என்று கூறியது. அன்பினால் பிள்ளைகளுக்கு எழுதித் தரும் பத்திரங்களில் பொதுவாக அத்தகைய வாசகம் இருப்பதில்லை. தாய் தன் மகனுக்கு எழுதும் பத்திரத்தில் 'நீ எனக்குச் சோறு போட வேண்டும்' என்று எழுதச் சொல்வது நம் குடும்பங்களின் மரபுக்கு ஒவ்வாததாகவே தோன்றும். பத்திர எழுத்தரும் அதனை நினைவூட்டுவதில்லை. அவர் கட்டணம் பெறுவது பத்திரத்தை எழுதி முடிப்பதற்கு. எழுதுபவரின் எதிர்காலத்தைக் காப்பதற்கு அன்று.

மத்தியப் பிரதேசத்தின் சத்தர்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த தாய் ஒருவரின் வழக்கு இதனை விளக்கும். 2019-இல் அவர் தம் மகனுக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். மகன் பெற்றோரைப் பராமரிப்பான் என்ற உறுதிமொழி அதே நாளில் தனித் தாளில் எழுதப்பட்டதாக அவர் தரப்பு கூறியது. பராமரிப்புக் கிட்டாத நிலையில் அவர் தீர்ப்பாயத்தை அணுகினார். தீர்ப்பாயம் அவருக்குச் சார்பாக முடிவு செய்தது. அம்முடிவு மேல்முறையீட்டிலும் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி முன்பும் நிலைத்தது. ஆனால் இரு நீதிபதிகள் அமர்வு அதனைத் தள்ளியது. 2025 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றம், இது முதியோரின் நலனுக்கான சட்டம் என்பதால் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று கூறித் தானப் பத்திரத்தை ரத்துச் செய்தது. தீர்ப்பாயம், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், உயர் நீதிமன்றத்தில் இருமுறை, உச்ச நீதிமன்றம் என ஐந்து படிகள். பத்திரம் எழுதி ஐந்து ஆண்டுகள் கடந்தன. அந்த உறுதிமொழி பத்திரத்திற்குள்ளேயே ஒரு வரியாக இடம்பெற்றிருந்தால் இவற்றுள் எத்தனை படிகள் தேவைப்பட்டிருக்கும் என்பதை மாணவர்களே கணித்துப் பார்க்கலாம்.

முதியோருக்கான சட்ட உதவியில் நிதியின் பயன் மிகுந்திருப்பது வழக்கு தொடங்கிய பின் அன்று, கையெழுத்து இடுவதற்கு முன்பே. சார்பதிவாளர் அலுவலகத்தில் கால் மணி நேரம் செலவிட்டு, 'இந்நிபந்தனையைச் சேர்த்துக் கொள்ளுங்கள், வீட்டில் வாழும் உரிமையை உங்கள் ஆயுள் வரை நிறுத்திக் கொள்ளுங்கள், அல்லது பத்திரத்துக்குப் பதில் உயில் எழுதுங்கள்' என எடுத்துரைக்கும் ஒரு சட்டம் சார் தன்னார்வலருக்கு ஒரு நாளுக்கு வழங்கும் மதிப்பூதியம், ஒரே ஒரு மேல்முறையீட்டுக்கு ஆகும் செலவில் சிறு பகுதியே. உயிலை உயிருள்ளவரை மாற்றலாம். பதிவான தானப் பத்திரத்தை எழுதியவர் தம் விருப்பம்போல் திரும்பப் பெற இயலாது. இவ்வேறுபாட்டை அறியாமலே கையெழுத்திடுவோர் பலர்.

சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இதற்கு இடம் தரவில்லை என்று கூற முடியாது. 'சட்டப் பணி' என்பதற்கு அது தரும் விளக்கத்தில் நீதிமன்றம், தீர்ப்பாயம், பிற அதிகார அமைப்பு ஆகியவற்றின் முன் வழக்கு நடத்துவதோடு, எந்தச் சட்டப் பொருள் பற்றியும் ஆலோசனை கூறுவதும் அடங்கியுள்ளது. 2016-இல் தேசிய ஆணைக்குழு மூத்த குடிமக்களுக்கெனத் தனித் திட்டம் வகுத்து, முதியோர் இல்லங்களில் சட்ட உதவி மையங்கள், வழக்கறிஞர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் பயிற்சி முதலியவற்றை எடுத்துரைத்தது. ஆயினும் முதியோர் இல்லத்துக்கு வந்து சேர்ந்தவர் பெரும்பாலும் சொத்தை எழுதிக் கொடுத்து முடித்தவர். அவருக்கு உதவி வேண்டியதே. அதைவிட முன்னதாக ஓரிடத்தில் அவருக்கு உதவி கிடைத்திருக்க வேண்டும்.

இரு ஒதுக்கீடுகள்

மைய அரசின் இரு ஒதுக்கீடுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். குற்றவியல் வழக்குகளில் எதிரிகளுக்கு முழுநேர வழக்கறிஞர்களை வழங்கும் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் முறைக்கு 2023-24 முதல் 2025-26 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு 998.43 கோடி ரூபாய் ஒப்பளிக்கப்பட்டது. டெலி-லா, கட்டணமின்றி வாதாடும் வழக்கறிஞர் ஏற்பாடு, சட்ட அறிவு பரப்பல் ஆகிய மூன்றையும் உள்ளடக்கிய 'திஷா' திட்டத்துக்கு 2021 முதல் 2026 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு 250 கோடி ரூபாய். முன்னதைக் குறைகூறுவதற்கு இடமில்லை; சிறையில் இருப்பவரின் விடுதலை வழக்கறிஞரைச் சார்ந்தது. ஆனால் முதியோரின் இடர்ப்பாடுகள் பெரும்பாலும் உரிமையியல் சார்ந்தவை: பராமரிப்பு, வீடு, குடும்ப ஓய்வூதியம், வாரிசுச் சான்றிதழ், வங்கி வைப்புத் தொகை, காப்பீடு. இவற்றுக்கான ஆலோசனை இரண்டாவது ஒதுக்கீட்டிலிருந்துதான் வர வேண்டும்; அதுவும் நாட்டின் அனைத்து வயதினருக்கும் பொதுவானது.

இலவச உதவி என்ற பின்னும் முதியவருக்குச் செலவு உண்டு என்பதை நிதித் திட்டங்கள் மறந்துவிடுகின்றன. இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள 60 முதல் 79 வயது வரையுள்ளோர்க்கு மைய அரசின் பங்கு மாதம் 200 ரூபாயாகவும், 80 வயது கடந்தோர்க்கு 500 ரூபாயாகவும் வகுக்கப்பட்டது. மாநிலங்கள் இதனுடன் தம் பங்கைச் சேர்க்கின்றன. துணைக்கு ஒருவரை அழைத்துக் கொண்டு கோட்ட அலுவலகத்துக்கு இருமுறை சென்று வந்தால், மையப் பங்கு முழுவதும் பேருந்துக் கட்டணத்திலேயே தீர்ந்துபோகும். துணைக்கு வந்தவர் இழக்கும் ஒரு நாள் கூலி இக்கணக்கில் சேராது. விசாரணையை ஒத்திவைக்கும் ஒவ்வொரு முறையும் இச்செலவு அரசின் கணக்கிலிருந்து முதியவரின் கணக்குக்கு மாற்றப்படுகிறது. வட்டத் தலைநகரிலோ ஊராட்சி அலுவலகத்திலோ தீர்ப்பாயம் அமர்வதற்கு ஆகும் செலவைக் கணக்கிடும்போது இதனையும் எதிர்ப்புறத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

பராமரிப்புத் தொகைக்கு உள்ள 10,000 ரூபாய் உச்சவரம்பை நீக்குவது உட்பட்ட பல மாற்றங்களைக் கொண்ட திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் கொண்டு வரப்பட்டது. அது சட்டமாகாமலே 17-ஆவது மக்களவையின் காலம் முடிந்தது. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், முதியோர் இல்லங்கள், மருத்துவ வசதி ஆகியவை பற்றிய விவரங்களை மாவட்ட வாரியாகத் திரட்டுமாறும், 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தை மக்களறியச் செய்ய நடவடிக்கை எடுக்குமாறும் அரசுக்குப் பணித்தது. சட்டத்தை அறிவிப்பதும் ஒரு செலவினமே.

மாவட்ட அளவில் செய்யக் கூடியது

இன்று உதவி தேடும் முதியவர் இரு தொலைபேசி எண்களை அழைக்கலாம். 14567 என்பது சமூக நீதி அமைச்சகத்தின் முதியோர் உதவி எண். 15100 என்பது சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண். முன்னதில் பராமரிப்பு பற்றிய முறையீடு வரும். பின்னதில் வழக்கறிஞரை ஏற்படுத்தித் தரும் நிதி இருக்கும். மாவட்டத்திலும் நிலைமை இவ்வாறே. சட்ட உதவி நிதி மாவட்ட நீதிபதியைத் தலைவராகக் கொண்ட ஆணைக்குழுவிடம் உள்ளது. பராமரிப்புத் தீர்ப்பாயமும் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் வருவாய்த் துறையின் கோட்ட அதிகாரியிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் உள்ளன. பத்திரம் எழுதப்படும் இடமோ பதிவுத் துறையைச் சேர்ந்தது. மூன்றும் ஒரே நகரில், சில வேளைகளில் ஒரே சுற்றுச்சுவருக்குள் இருப்பினும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தகவல் செல்லும் வழி மனுதாரரின் கால்கள்தாம்.

தீர்ப்பாயத்தில் மனு பதிவானதும் அதன் நகல் ஒன்றை மாவட்ட ஆணைக்குழுவுக்கு அனுப்புவது, மூத்த குடிமக்கள் தானப் பத்திரம் பதியும் நாட்களில் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு தன்னார்வலரை அமர்த்துவது, வருமானத்துக்குப் பிரமாண வாக்குமூலத்தை ஏற்பது ஆகிய மூன்றுக்கும் புதிய சட்டம் தேவையில்லை. மாவட்ட நீதிபதியும் மாவட்ட ஆட்சியரும் மாவட்டப் பதிவாளரும் ஒருமுறை கூடி அமர்ந்து முடிவெடுத்தால் போதும். அதற்கு ஆகும் தொகையை மாவட்டச் சட்ட உதவி நிதியிலேயே, 'ஆலோசனை' என்னும் தலைப்பில் எழுத முடியும்.